காலிச் சாக்கும் முதல் மாடி வீடும்

"மாடியில வீடு வாங்குனா மாடு எப்படி மாப்ள ஏறும்?"

என் மச்சான் முதலில் கேட்டது இதைத்தான். விலையைக் கேட்கவில்லை. வாசல் எந்தத் திசை என்று கேட்கவில்லை. அவர் என் மனைவியின் அண்ணன், பேரையூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கிறவர். புது வீட்டில் பால் காய்ச்சும் நாளன்று பசுவும் கன்றும் முதலில் உள்ளே போக வேண்டும், அதன் பின்னால்தான் மனிதர்கள். இந்த வழக்கத்தை விட்டுவிட்டு அவர்கள் குடும்பத்தில் யாரும் எந்த வீட்டுக்கும் குடி போனதில்லை.

"ஏறும் மச்சான்" என்றேன். எனக்கு அவ்வளவுதான் பேச்சு வரும். நாலு பேர் நிற்கிற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குக்கூட, எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னார்கள் என்பதுதான் பாதிக் காரணம்.

அடுக்கு வீட்டில் பணம் போடலாமா, நிலம் வாங்கிப் போடுவது நல்லதா என்று இப்போது தெரிந்தவர்கள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வீடு வாங்கிய முதல் ஆட்களில் நானும் ஒருவன் என்பதால் கேட்கிறார்கள். வாயால் சொன்னால் பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

ஆரப்பாளையத்தில் எனக்குப் பழைய சாக்குக் கடை. அரிசிக் கடைகளிலும் மாவு மில்களிலும் காலிச் சாக்குகளை வாங்கி, தூசி தட்டி, கிழிசலைத் தைத்து, தரம் பிரித்து விற்பேன். தைப்பது என் மனைவி. கோணி ஊசியில் சணலைக் கோத்து உட்கார்ந்தால் மாலைக்குள் ஒரு குவியலை முடித்துவிடுவாள். கடைக்குப் பின்னாலேயே ஒரு வாடகை வீட்டில் இருந்தோம்.

அப்போதெல்லாம் சிமெண்ட் சணல் சாக்கில்தான் வரும். வில்லாபுரம் போகிற வழியில் ஒருவர் ஆறு வீடுகள் உள்ள அடுக்குக் கட்டிடம் கட்டத் தொடங்கினார். கீழே இரண்டு, நடுவில் இரண்டு, மேலே இரண்டு. அவருடைய காலிச் சாக்குகளை நான் எடுத்துக்கொண்டிருந்தேன். வாரா வாரம் மாட்டு வண்டி பிடித்துப் போவேன். அஸ்திவாரத்திலிருந்து மொட்டை மாடி வரை அந்தக் கட்டிடம் எழுந்ததை அப்படித்தான் பார்த்தேன். தளம் போட்ட வாரங்களில் சாக்கு மலைபோலக் குவிந்து கிடக்கும். சிமெண்டைக் கலக்காமல் ஏமாற்றுகிறவரிடம் இத்தனை காலிச் சாக்கு எங்கிருந்து வரும்? வேறு எதையும் விசாரிக்க எனக்குத் தெரியாது. இதை ஒன்றை வைத்தே அவர் மேல் நம்பிக்கை வந்தது. ஒரு நாள் அவரே, "நடு வீடு ஒண்ணு இருக்குண்ணே, நீங்க எடுத்துக்கங்களேன். வாடகைக்கு விட்டா மாசாமாசம் வரும்" என்றார்.

எங்களிடம் இருந்த ஒரே சொத்து என் மனைவிக்கு அவள் அம்மா கொடுத்த மானாவாரி நிலம். பேரையூர்ப் பக்கம் கரிசல் காடு. மச்சானின் காட்டுக்கு அடுத்து இருந்ததால் அதையும் அவரே உழுதார். மழை பெய்த வருடம் ஒரு மூட்டை சோளம் வரும். பெய்யாத வருடம் மச்சான் மட்டும் வந்து, சாப்பிட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போவார். தொடர்ந்து இரண்டு வருடம் அவர் மட்டும்தான் வந்தார்.

விற்கலாம் என்று சொன்னது நான்தான். அவள் கையில் இருந்த சாக்கைத் தைத்து முடித்துவிட்டு, "நெலம்னா போயி நின்னு பாக்கலாம். இதுல எங்க போயி நிக்கிறது?" என்று கேட்டாள். சில நாள் கழித்து அவளாகவே, "சரி, நீங்க சொன்னா சரியாத்தேன் இருக்கும்" என்றாள். அந்தச் சொல்தான் அதன்பின் பல வருடம் என் மேல் பாரமாக உட்கார்ந்திருந்தது. நிலம் அவளுடையது. என் பேச்சை நம்பிக் கொடுத்துவிட்டாள். அது வீண் போனால் அவள் என்னைத் திட்டக்கூட மாட்டாள்.

நிலம் போனதில் மச்சானுக்கு வருத்தம். வாங்கிக்கொள்ள அப்போது அவர் கையில் பணமில்லை. வருத்தத்தை எல்லாம் கேலியாக என் மேல் இறக்கினார். "ஊருல பூமி பாத்து வாங்குவாக, தண்ணி பாத்து வாங்குவாக. காலிச் சாக்கப் பாத்து வீடு வாங்குன ஒரே ஆளு நீங்கதேன் மாப்ள."

வீட்டை அவள் பெயரில்தான் பதிந்தோம். பத்திரம் எழுதியவர் வாசித்துக் காட்டும்போது, கட்டிடம் நிற்கிற மண்ணில் ஆறில் ஒரு பங்கு அவளுக்கு உண்டு, ஆனால் அதைப் பிரிக்க முடியாது என்றார். "அந்தப் பங்கு எந்தப் பக்கம் இருக்கு?" என்று என் மனைவி கேட்டாள். அவர் சிரித்தார். "எந்தப் பக்கமும் இல்லம்மா. எல்லாப் பக்கமும் ஆறு பேருக்கும்." அவள் சிரிக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தாள். வரப்பு இல்லாத பங்கை அவள் எங்கே போய்த் தேடுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வாடகைக்கு விடத்தான் வாங்கினோம் என்றாலும் பால் காய்ச்சாமல் விடக்கூடாது என்று மச்சான் பிடிவாதமாக நின்றார். விடிந்ததும் வந்து இறங்கி, பக்கத்துத் தெருப் பால்காரரிடம் ஒரு பசுவையும் கன்றையும் கேட்டு வாங்கிக் கூட்டி வந்தார். பால்காரர் வாசலிலேயே, "மாடி வேணாம்ணே, கீழேயே சுத்திக்கிட்டுப் போயிருங்க" என்றார். மச்சான் காதில் வாங்கவில்லை.

படியின் அடியில் கீழ் வீட்டுக்காரர் நின்றிருந்தார். ஏதோ ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை சார் என்றே கூப்பிட்டோம்.

"மாட்டக் கூட்டிக்கிட்டு எங்க போறீங்க?"

"எந் தங்கச்சி வீட்டுக்கு" என்றார் மச்சான்.

"இது பொது மாடிப்படிங்க. ஆறு வீட்டுக்கும் சொந்தம்."

"அந்த ஆறுல எந் தங்கச்சியும் ஒருத்திதேன? அவ பங்குல ஏத்திக்கிறோம்."

"பங்கை எப்படிப் பிரிப்பீங்க? ஆறு படிக்கு ஒரு படியா?"

"சரி சார். அந்த ஒரு படியில மாடு மிதிக்கட்டும். மிச்சத்தத் தாண்டிரும்."

சார் கோபத்தோடுதான் ஆரம்பித்தார். ஆனால் அதைக் கேட்டதும் சிரித்துவிட்டார். ஒதுங்கி வழி விட்டார். நான் பின்னால் தாம்பாளத்தோடு, யார் கண்ணிலும் படாமல், சுவரோடு ஒட்டி ஏறினேன்.

மாடு நன்றாகத்தான் ஏறியது. கன்று முன்னால் துள்ளிக்கொண்டு போக, அதன் பின்னாலேயே திருப்பத்தில்கூட நிற்காமல் போய்விட்டது. புது வீட்டுக் கூடத்தில் சாணமும் போட்டது. "பாத்தியா ஆத்தா, லச்சுமி!" என்று மச்சானுக்கு முகமெல்லாம் பல். பால் பொங்கியது. எல்லாம் முடிந்தது. இறக்கலாம் என்று மாட்டைப் படியருகே கொண்டு வந்தோம்.

அது கீழே பார்த்தது. ஒரு முன்னங்காலை எடுத்து வைத்தது. வழுவழுவென்று தேய்த்திருந்த புதுச் சிமெண்டுப் படியில் குளம்பு லேசாக வழுக்கியது. அவ்வளவுதான். பின்வாங்கிக் கூடத்துக்கே போய் நின்றுகொண்டது. இழுத்தோம், தள்ளினோம், வாழைப்பழம் காட்டினோம். பழத்தைத் தின்றது. கன்றை மச்சான் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கீழே கட்டினார். அது அங்கிருந்து கத்த, இது இங்கிருந்து கத்த, தெரு முழுக்க வந்து கூடிவிட்டது.

மேல் வீட்டுக்காரர் படியில் நின்று எட்டிப் பார்த்தார். "வாடகைக்கு ஆள் வந்தாச்சு போலயே! அட்வான்ஸ் எம்புட்டு குடுத்துச்சு?"

தெருவில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பால்காரர் கீழேயிருந்து கத்தினார். "நாந்தேன் சொன்னேன்லண்ணே! ஏறும், எறங்காது! சாயங்காலம் பால் கறக்கணும், எம் மாட்டக் குடுங்க!"

என் மனைவி மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். நான் அருகில் போனபோது எனக்கு மட்டும் கேட்கும்படி, "நெலத்துல ஒரு நாளும் மாடு சிக்கிக்கிட்டதில்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அவள் கண்ணில் நீர் நின்றது. அவள் அம்மா கொடுத்த நிலத்தைப் போட்டு வாங்கிய வீட்டில் முதல் நாளே ஊர் சிரிக்கிறது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜன்னலுக்குக் கீழே, கட்டிடத்தின் பின்புறத்தில், நான் இன்னும் எடுத்துப் போகாத கடைசிக் குவியல் சிமெண்ட் சாக்கு கிடந்தது. பக்கத்தில் கட்டிடக்காரர் விட்டுப்போன மணல்.

"சாக்கு கெடக்கு" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. என் குரல் அப்படி. இன்னொரு தடவை சொன்னேன். என் மனைவி என்னைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வெளியே படிக்கு வந்து, தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டாள். "பின்னாடி சாக்கு கெடக்கு! மண்ண அள்ளிப் போட்டுப் படியில அடுக்குங்க! சரிவாப் போனா எறங்கிரும்!"

முதலில் போனது சார்தான். வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலை அள்ளினார். கேலி பேசிய மேல் வீட்டுக்காரர் சாக்கின் வாயைப் பிடித்தார். சாரின் மனைவியும் எதிர் வீட்டுப் பெண்ணும் சணல் கிழித்துக் கொடுக்க, என் மனைவி கட்டினாள். அவள் கட்டிய வேகத்துக்கு அள்ளிப் போட ஆள் போதவில்லை. பால்காரர்கூடத் திட்டிக்கொண்டே சுமந்தார். ஒவ்வொரு படியிலும் மூட்டையை வைத்து, மிதித்துச் சமப்படுத்தி, இடுக்கில் காலிச் சாக்கைச் செருகி, திருப்பத்தில் அகலமாக அடுக்கி, மாடிப்படியை ஒரு மேட்டுப் பாதை போல ஆக்கிவிட்டார்கள். ஒட்டியிருந்த சிமெண்டுத் தூசி பறந்து எல்லோர் தலையும் நரைத்துப் போயிருந்தது.

மாடு மறுபடியும் காலை வைத்தது. சாக்கு வழுக்கவில்லை. என் மனைவி அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இறங்கினாள். முன்னால் மச்சான், பின்னால் வாலைப் பிடித்துக்கொண்டு பால்காரர், இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவரோடு சாரும் மற்றவர்களும். கடைசிப் படி தாண்டியதும் அது கன்றிடம் ஓடியது. கூட்டம் கை தட்டியது.

சாரின் மனைவி எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தார். என் மனைவியின் கையைப் பிடித்து, "உள்ள வா, முகத்தைக் கழுவு. பவுடர் பூசுன மாதிரி இருக்க" என்று கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு மாடு சிக்காமல், பாலைக் காய்ச்சிக் குடித்துவிட்டு நாங்கள் திரும்பியிருந்தால் அந்தக் கட்டிடத்தில் எங்களை யாருக்கும் தெரிந்திருக்காது.

இதற்குப் பிறகு வந்த வருடங்களில்தான், கேட்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய லாப நஷ்டம் இருக்கிறது.

வாடகைக்கு ஒரு தபால்காரர் குடும்பம் வந்தது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மாதம் பிறந்தால் வாடகை வந்தது. கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கும் என்பதைப் புரிந்துகொண்டு, அவரே கடைப் பக்கம் வரும்போது கொடுத்துவிட்டு, சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். நிலம் ஒரு நாளும் இவ்வளவு ஒழுங்காகக் கொடுத்ததில்லை. வரப்பை நகர்த்துகிறவன் கிடையாது. காவலுக்கு ஆள் வேண்டாம்.

ஆனால் நிலம் பழசாகாது, வீடு பழசாகும். மேல் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் எங்கள் அடுப்படியில் சொட்ட ஆரம்பித்தபோது, அது அவர் தரையா எங்கள் கூரையா என்று ஒரு மழைக்காலம் முழுக்கப் பேச்சு நடந்தது. கடைசியில் சார்தான் இரண்டு பக்கமும் சமாதானம் சொல்லிக் கொத்தனாரைக் கூட்டி வந்தார். வெள்ளை அடிக்க வேண்டுமானாலும், மோட்டார் பழுதானாலும் ஆறு பேரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் வெளியூரில் இருந்தால் எல்லோரும் குடத்தோடு நிற்க வேண்டும். நிலத்தில் குடிசை போட்டுக்கொள்ளலாம், வீட்டை நீட்டிக்கொள்ளலாம். இங்கே ஒரு ஆணி அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் என்னவென்று கேட்பார். விற்கலாம் என்று பேச்சு எடுத்தாலோ, வருகிறவன் முதலில் கேட்பது, "மண்ணு எம்புட்டுண்ணே?" என்பதுதான்.

அந்தக் கேள்வியின் கனம் எனக்கு முழுதாகத் தெரிந்தது, மச்சான் ஒரு நாள் கடைக்கு வந்தபோது. அவர் அன்று கேலி பேசவில்லை. எங்கள் நிலத்தை வாங்கியவர் அதை விற்கப் போவதாகச் சொன்னார். புது ரோடு பக்கத்தில் வந்துவிட்டதால் விலை ஏறியிருந்தது. எங்கள் வீட்டை விற்றால் அந்த நிலத்தில் பாதிதான் வாங்க முடியும்.

"மீதிப் பாதிய நான் போடுறேன் மாப்ள. இப்பக் கையில கொஞ்சம் இருக்கு. உங்க பாதி தங்கச்சி பேருலயே இருக்கட்டும்."

முழு நிலத்தைக் கொடுத்து வாங்கிய வீடு, இப்போது பாதி நிலத்துக்குத்தான் பெறும். இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே சாக்குத் தைத்துக்கொண்டிருந்தவளுக்கும் கேட்டிருக்கும். நான் போய், "நெலமும் ஒன்னுது, வீடும் ஒன்னுது. நீ சொல்றதுதான்" என்றேன். அவள் ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தாள். "அண்ணே, நாளைக்கு இரு. போயிப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

மறுநாள் காலையில் பேரையூருக்குத்தான் போவாள் என்று நினைத்தேன். வில்லாபுரத்துக்கு பஸ் ஏறினாள். தனியாகத்தான் போனாள். மத்தியானம் தாண்டித் திரும்பியபோது கையில் சாரின் மனைவி கொடுத்தனுப்பிய முருங்கைக்காய்க் கட்டு இருந்தது. மச்சான் சாப்பிடாமல் காத்திருந்தார்.

"அண்ணே, நெலத்த உன்னால முடிஞ்சத வாங்கிக்க. நான் வீட்ட விக்கல. அங்க குடி போகப் போறேன்."

"கூறு கெட்டுப் போச்சா ஆத்தா? நம்மளப் பெத்தவ குடுத்த மண்ணு தேடி வருது. வேணாங்கிற?"

"நெலம் எனக்கும் ஆசதேன். ஆனா இந்த ஆரப்பாளையத்துல இம்புட்டு வருசம் இருக்கேன், ஒரு கொடத்தத் தூக்கி விட ஆளு கெடையாது. அங்க மாட்டையே எறக்கி விட்டாகண்ணே."

மச்சான் என்னைப் பார்த்தார். அவள் தட்டை எடுத்து வைத்து அவருக்குச் சோறு போட்டாள். அதற்கு மேல் அவர் வற்புறுத்தவில்லை.

பாதி நிலத்தை மச்சான் வாங்கிக்கொண்டார். இன்னொரு பாதி யாரோ வெளியூர்க்காரருக்குப் போனது. அந்தப் பாதியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உறுத்தும். பணமாக மட்டும் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வாடகை வேண்டுமானால் அடுக்கு வீடு வாங்குங்கள். விலை ஏற வேண்டுமானால் மண்ணை வாங்குங்கள். அந்தக் கணக்கில் நான் தோற்றவன்தான். என் மனைவி போட்ட கணக்கு வேறு. அதனால்தான் என்னால் தலை நிமிர்ந்து இதை எழுத முடிகிறது.

தபால்காரரைக் காலி செய்யச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளே பேசினாள். அவருக்கு அதே தெருவில் சாரே ஒரு வீடு பார்த்துக் கொடுத்தார்.

அடுத்த அறுவடை முடிந்து நாங்கள் குடி போன அன்று பாலை மேலே காய்ச்சவில்லை. கீழே, படிக்கும் வெளிக்கதவுக்கும் நடுவில் இருந்த மண்தரையில் மூன்று கல்லை வைத்து அவள் அடுப்பு மூட்டினாள். யாரிடமும் கேட்கவில்லை. "இங்கதான் வைக்கணுமா?" என்று மேல் வீட்டுக்காரர் கேட்டதற்கு, "எனக்கு எல்லாப் பக்கமும் பங்கு இருக்குல்ல?" என்றாள். பொங்கிய பாலை ஆறு வீட்டுக்கும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். சார் இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கினார்.

மச்சான் மாடு இல்லாமல், ஒரு மூட்டை சோளத்தோடு வந்திருந்தார். அவருடைய பாதி நிலத்தில் விளைந்தது. படியின் அடியில் நின்று, செருப்பைக் கழற்றி, முதல் படியைக் காலால் தேய்த்துப் பார்த்தார்.

"மாப்ள, சாக்கு இருக்கா?"

"எதுக்கு மச்சான்?"

"நான் ஏறிருவேன். எறங்குவேனாங்கிறதுதேன் சந்தேகமா இருக்கு."

மேல் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு தெரு முனை வரை கேட்டிருக்கும். என் மனைவி அடுப்பை விட்டு எழுந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்த மண்ணிலேயே நின்று சிரித்தாள். மச்சான் மூட்டையை என் தோளுக்கு மாற்றிவிட்டு மேலே ஏறினார். உழவு தொடங்கும் வரை இருந்துவிட்டுத்தான் இறங்கினார்.